பால் இல்லை, முட்டை இல்லை... பழ டார்ட் ரெடி!

'பழ டார்ட்' என்றதும் என்னவோ ஏதோ என்று மிரண்டுவிட வேண்டாம். மைதா மாவில் செய்த ஒரு சின்னக் கிண்ணம். வாயில் வைத்தால் மொறுமொறுவென்று உதிரும். அதற்குள்ளே கஸ்டர்டு மாதிரி ஒரு கூழ். அதன் மேலே நறுக்கிய பழம். இவ்வளவுதான் சமாச்சாரம்! நம் வீட்டு சோமாசியை மூடாமல் திறந்தபடியே விட்டு, தேங்காய்ப் பூரணத்துக்குப் பதில் பழத்தை வைத்தால் எப்படி இருக்கும்? அதுதான் வெள்ளைக்காரர் ஊர் டார்ட்.

"சூரணமும் கஷாயமும் கொடுக்கிற சித்த மருத்துவருக்கு பேக்கரிப் பண்டத்தில் என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. வலங்கைமானில் என்னிடம் வருகிற தாய்மார்களில் பலரும் மருந்தைப் பற்றிக் கேட்டு முடித்த பிறகு, எழுந்து போகிற போக்கில்தான் முக்கியமான கேள்வியையே கேட்பார்கள். "டாக்டரய்யா, பையனுக்குப் பால் ஒத்துக்காது. பிறந்த நாளைக்குக் கேக் கேட்கிறான். என்ன செய்யறது?" என்பார் ஒருவர். "பெண்ணு பெங்களூரிலேர்ந்து வந்திருக்கா. திடீர்னு வீகனாம். பால், தயிர், நெய் எதையும் தொட மாட்டேங்கறா" என்பார் இன்னொருவர். டிகிரி காபிக்குப் பேர் போன கும்பகோணம் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது, பாலைத் தொடாத பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு தாய் படுகிற பாடு எனக்குப் புரிகிறது!

இவர்களுக்கெல்லாம் ஏற்ற பண்டம்தான் இந்தப் பழ டார்ட். கடையில் பேஸ்ட்ரி ஷீட் ரெடிமேடாகக் கிடைக்கிறது. பழம் நம் ஊரில் கொட்டிக் கிடக்கிறது. அரை மணி, முக்கால் மணி நேரத்தில் செய்துவிடலாம். ஆனால் செய்வதற்கு முன்னால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். டார்ட்டில் எல்லோரும் பழத்தைத்தான் பார்க்கிறார்கள். உடம்புக்கு நல்லதா கெட்டதா என்பதைத் தீர்மானிப்பதோ அடியிலே இருக்கிற அந்த மைதா ஏடு!

யாருக்குப் பால் ஆகாது?

பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் எல்லோரும் ஒரே ரகம் இல்லை. இதைப் பிரித்துப் பார்க்காமல்தான் பல வீடுகளில் தடுமாறுகிறார்கள்.

முதல் ரகம், பால் அலர்ஜி. பாலில் உள்ள புரதத்தை உடம்பு எதிரியாக நினைத்துக்கொண்டு சண்டை போடுவது. சின்னக் குழந்தைகளிடம்தான் இது அதிகம். வளர வளர பல குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகிவிடும். ஆனால் சரியாகிறவரை கொஞ்சம்கூட விளையாடக் கூடாது. பால் பட்டதும் உடம்பில் தடிப்பு வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, குழந்தை துவண்டு போனாலோ அது சுக்குக் கஷாயத்துக்கு அடங்குகிற வியாதி இல்லை. என்னிடமும் தூக்கிக்கொண்டு வராதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "கொஞ்சம் கொஞ்சமா பாலைக் கொடுத்தா பழகிடும்" என்று வீட்டிலேயே பரீட்சை பார்க்கிற பாட்டிமார்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இரண்டாவது ரகம், பால் ஜீரணமாகாமை. இதில் ஆபத்து இல்லை, அவஸ்தைதான். பாலிலுள்ள 'லாக்டோஸ்' என்கிற சர்க்கரையை உடைக்கக் குடலில் 'லாக்டேஸ்' என்று ஒரு நொதி சுரக்க வேண்டும். தாய்ப்பால் மறந்த பிறகு, உலக மக்களில் பெரும்பாலோருக்கு இந்தச் சுரப்பு குறைந்துகொண்டே வருகிறது. அதனால்தான் நாற்பது வயதுக்கு மேல் சிலருக்கு ஒரு டம்ளர் பால் குடித்தால் வயிறு உப்பிசம், கடமுடா சத்தம், பேதி. இதே ஆசாமி மோர் குடித்தால் ஒன்றும் ஆகாது. புளிக்கும்போது அந்தச் சர்க்கரை குறைந்துவிடுவதுதான் காரணம். இவருக்கு நெய்யில் துளி பால் வாசம் இருந்தாலும் பரவாயில்லை. அலர்ஜிக் குழந்தைக்கு அந்தத் துளியும் ஆகாது.

மூன்றாவது ரகம், கொள்கைக்காரர்கள். 'வீகன்' என்கிற சொல்லே 1944-ல் இங்கிலாந்தில் பிறந்ததுதான். தமிழில் 'நனிசைவம்' என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் சைவத்தில் பால், தயிர், நெய், தேன் எல்லாம் உண்டு. நனிசைவத்தில் இவை எதுவும் கிடையாது. (தேனில் குழைத்துச் சாப்பிடச் சொல்லும் சூரணத்தை இவர்களுக்கு எழுதிக் கொடுத்தால், "வேறே எதிலாவது சாப்பிடலாமா டாக்டர்?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் வெந்நீரில் சாப்பிடச் சொல்லிச் சமாளிக்கிறேன்.)

இந்த மூன்று பேரோடு நான்காவதாக ஒருவர் உண்டு. அவருக்குப் பாலும் பகை இல்லை, நெய்யும் பகை இல்லை. நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரி போய் வந்தவர். "இதில் நெய் இல்லை, முட்டை இல்லை, வெறும் பழம்தானே?" என்று சொல்லிக்கொண்டு இரண்டு டார்ட்டை உள்ளே தள்ளுவார். எனக்குக் கவலையே இவரைப் பற்றித்தான். ஏன் என்று பார்ப்போம்.

அந்த ஏட்டுக்குள்ளே என்ன இருக்கிறது?

பேக்கரியில் 'பஃப்ஸ்' சாப்பிட்டிருப்பீர்கள். ஏடு ஏடாகப் பிரிந்து வருமே, அதே மாவுதான் ரெடிமேட் பேஸ்ட்ரி ஷீட். மைதா மாவைத் தட்டி, அதன் மேல் கெட்டியான கொழுப்பைப் பரப்பி, மடித்து, தேய்த்து, மறுபடி மடித்து, மறுபடி தேய்த்து... இப்படிப் பல முறை செய்வார்கள். கடைசியில் மாவு ஓர் ஏடு, கொழுப்பு ஓர் ஏடு என்று நூற்றுக்கணக்கில் அடுக்கு உண்டாகிவிடும். அடுப்பில் வைத்ததும் மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகி மேலே போகப் பார்க்கும். நடுவிலே இருக்கிற கொழுப்பு ஏடுகளை ஒட்டவிடாது. ஆவி ஒவ்வொரு ஏட்டையும் தூக்கிவிடும். விரல் கனம் இருந்த மாவு நான்கு விரல் உயரம் எழும்புகிற ரகசியம் இதுதான்.

இந்த வித்தைக்குக் கொழுப்பு கெட்டியாக இருந்தாக வேண்டும். நம் தஞ்சாவூர்ப் பக்கத்து வெயிலில் வெண்ணெய் நிற்குமா? மடிக்கும்போதே உருகி ஓடிவிடும். அதனால் பேக்கரிக்காரர்கள் சீக்கிரம் உருகாத மார்கரினையோ வனஸ்பதியையோ போடுகிறார்கள். விலையும் மலிவு. அதாவது, பெரும்பாலான பஃப்ஸ் மாவு யாரும் சொல்லாமலேயே நெய்யும் வெண்ணெயும் இல்லாத மாவுதான்!

சந்தோஷப்பட வேண்டிய விஷயமா இது? கொஞ்சம் பொறுங்கள்.

திரவமாக இருக்கிற தாவர எண்ணெயில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்திக் கெட்டியாக்கியதுதான் அந்தக் கால வனஸ்பதி. 1937-ல் டால்டா வந்த பிறகு, நம் ஜனங்கள் வனஸ்பதிக்கே 'டால்டா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இதை நெய்யில் கலந்து விற்கிற கூட்டமும் கூடவே கிளம்பியது. அதைக் கண்டுபிடிக்க அரசாங்கம் செய்த யுக்தி கேட்க வேடிக்கையாக இருக்கும். வனஸ்பதியில் நூற்றுக்கு 5 பங்காவது நல்லெண்ணெய் சேர்த்தே ஆகவேண்டும் என்று விதி போட்டார்கள். நல்லெண்ணெய் கலந்த நெய்யைச் சோதனைக் குழாயில் அமிலம் விட்டுப் பார்த்தால் சிவந்து காட்டிக் கொடுத்துவிடும்! நம் எள்ளு போலீஸ் வேலையும் பார்த்திருக்கிறது.

எண்ணெயைப் பாதி வழியில் கெட்டியாக்கும்போது 'டிரான்ஸ் கொழுப்பு' என்று ஒன்று உண்டாகிறது. இது ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும், நல்ல கொலஸ்ட்ராலை இறக்கும். இரண்டு பக்கமும் அடி. இதயத்துக்கு இதைவிடப் பொல்லாத கொழுப்பு வேறு இல்லை என்று தெரிந்த பிறகுதான், இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எண்ணெயிலும் கொழுப்பிலும் டிரான்ஸ் கொழுப்பு 2021-ல் நூற்றுக்கு 3 பங்குக்கு மேலும், 2022 ஜனவரி முதல் 2 பங்குக்கு மேலும் இருக்கக் கூடாது என்று இறுக்கிப் பிடித்தது. நல்ல காரியம். இன்றைக்கு முறையாக விற்கிற பாக்கெட்டுகளில் பழைய ஆபத்து குறைந்திருக்கிறது. ஆனால் அதற்குப் பதிலாகப் பெரும்பாலும் பாமாயில் வகைகள் வந்து உட்கார்ந்துவிட்டன. பாமாயிலில் ஏறக்குறையப் பாதி, நிறைகொழுப்பு. வெண்ணெயை விட்டோம் என்று நினைத்துக்கொண்டு அதன் ஒன்றுவிட்ட அண்ணனை அழைத்து வந்த கதை!

ஒரு சுலபமான சோதனை சொல்கிறேன். பஃப்ஸ் சாப்பிட்டு முடித்ததும் மேலண்ணத்தில் மெழுகு தடவினாற்போல ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிறதா? வாயின் சூட்டுக்கும் உருகாத கெட்டிக் கொழுப்பு நிறையப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கணக்கையும் பார்த்துவிடுங்கள். பஃப்ஸ் ஷீட்டின் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை கொழுப்பு இருக்கும். நாலு அங்குலச் சதுரத் துண்டு சுமார் 40 கிராம் என்றால், அதில் பத்திலிருந்து பதிமூன்று கிராம் கொழுப்பு. அதாவது இரண்டு மூன்று டீஸ்பூன். ஒரே ஒரு டார்ட்டுக்கு! மேலே வைத்த நாலு துண்டுப் பழம் பாவம், என்ன செய்யும்?

பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள்

கடையில் பாக்கெட்டை எடுத்ததும் முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காதீர்கள். பின்பக்கத்தைத் திருப்புங்கள். எந்தப் பொருள் அதிக எடையோ அது முதலில் வரும்படித்தான் வரிசையாக அச்சடிக்க வேண்டும் என்பது விதி.

பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் முட்டை இல்லை என்று தைரியமாக இருக்கலாம். நம் நாட்டுச் சட்டத்தில் முட்டை அசைவக் கணக்கு. ஆனால் பச்சைப் புள்ளிக்குப் பாலும் சைவம், தேனும் சைவம்! எனவே பால் ஆகாதவர்கள் அந்தப் புள்ளியை நம்பக் கூடாது. மில்க் சாலிட்ஸ், வே பவுடர், கேசின், கேசினேட், பட்டர் ஆயில்... இப்படி எந்தப் பெயரில் இருந்தாலும் அது பால்தான். சில மார்கரினிலும் வாசனைக்காகப் பால் பொருள் சேர்ப்பதுண்டு. நனிசைவப் பொருள்களுக்கென்று 2022-ல் தனி விதிமுறை வந்திருக்கிறது. இலை முளைத்த ஆங்கில 'வி' எழுத்து மாதிரி ஒரு பச்சை முத்திரை. அது இருந்தால் கொள்கைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அலர்ஜிக் குழந்தையின் அம்மா மட்டும் இன்னொரு வரியையும் தேடிப் படிக்க வேண்டும். 'பால் கலந்திருக்க வாய்ப்புண்டு' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். ஒரே மிஷினில் பால் பண்டமும் செய்கிறார்கள் என்று பொருள். அந்தப் பாக்கெட் வேண்டாம்.

இன்னொரு மறைவான இடம், தேங்காய்ப் பால் பவுடர். தேங்காய்தானே என்று வாங்கி வருவார்கள். பொடியாக்குவதற்காகச் சிலவற்றில் கேசினேட் சேர்த்திருப்பார்கள். தேங்காய் காய்க்கிற ஊரில் இருந்துகொண்டு பவுடர் எதற்கு? ஒரு மூடி துருவிப் பிழிந்தால் ஆயிற்று.

பஃப்ஸ் ஷீட்டுக்குப் பதில் சமோசா பட்டி!

சரி, டார்ட்டே வேண்டாம் என்கிறேனா? இல்லவே இல்லை. ஏட்டை மாற்றுங்கள் என்கிறேன்.

வெங்காய சமோசா சுற்றுவதற்கு 'சமோசா பட்டி' என்று மெல்லிய மைதா ஏடு விற்கிறார்களே, பார்த்திருக்கிறீர்களா? நோன்பு மாதத்தில் கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கம் இது இல்லாத வீடு குறைவு. இப்போது வருஷம் பூராவும் கடைகளின் குளிர்பெட்டியில் கிடைக்கிறது. இதில் மைதா, தண்ணீர், உப்பு, பெயருக்குக் கொஞ்சம் எண்ணெய். அவ்வளவுதான். (இதிலும் பின்பக்கம் படிக்கத் தவற வேண்டாம்.) ஏடுகளுக்கு நடுவே எந்தக் கொழுப்பு, எவ்வளவு என்று தீர்மானிக்கும் உரிமை இப்போது உங்கள் கைக்கு வந்துவிட்டது!

பட்டியை மூன்று அங்குலச் சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு கிண்ணத்துக்கு மூன்று ஏடு. ஒவ்வொன்றிலும் கடலை எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விரலால் தொட்டு லேசாகத் தடவி, முனைகள் நட்சத்திரம் மாதிரி விலகி நிற்கும்படி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குங்கள். மொத்தம் அரை டீஸ்பூன் எண்ணெய் போதும். இரண்டு கிராம் சொச்சம்தான். மேலே போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்குதான்!

அவன் உள்ளவர்கள் சின்னக் கப் கேக் அச்சில் இதை அழுத்தி வைத்து, 180 டிகிரியில் எட்டுப் பத்து நிமிஷம் வைத்தால் பொன்னிறமாகிவிடும். பக்கத்திலேயே நில்லுங்கள். மெல்லிய ஏடு, ஒரு நிமிஷம் அசந்தால் கருகும். அவன் இல்லையா? குழிப்பணியாரச் சட்டி இருக்கிறதே! குழியில் சொட்டு எண்ணெய் தடவி, சின்னதாக வெட்டிய ஏடுகளைக் குழிக்குள் அழுத்தி, சிறு தீயில் மூடி வையுங்கள். ஐந்தாறு நிமிஷத்தில் அடி சிவந்துவிடும். பிறகு மூடியை எடுத்துவிட்டு, ஓரம் மொறுமொறுப்பாகும்வரை இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கள். மூடியே வைத்திருந்தால் ஆவி இறங்கி நமத்துப் போகும். ஒரே வாயில் போட்டுக்கொள்கிற அளவு குட்டி டார்ட். பெரிய டார்ட்டைவிட இதுதான் எனக்குப் பிடித்தம். அளவு தானாகவே கட்டுப்படுகிறது.

பஃப்ஸ் ஷீட்தான் வேண்டும், வருஷத்துக்கு ஒருமுறைதானே என்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் ராத்திரியே பாக்கெட்டை ஃப்ரீஸரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். சில்லென்று இருக்கும்போதே சதுரமாக வெட்டி, சுற்றிலும் அரை அங்குலம் விட்டு உள்ளே கத்தியால் லேசாகக் கோடு போட்டு, கோட்டுக்கு உட்புறம் முள்கரண்டியால் குத்துங்கள். குத்திய இடம் எழும்பாது, ஓரம் எழும்பும். அதுவே கிண்ணம். முட்டை தடவுவதற்குப் பதில், தேங்காய்ப் பாலில் துளி நாட்டுச் சர்க்கரை கரைத்துத் தடவினால் நல்ல நிறம் வரும். 200 டிகிரியில் பதினெட்டு, இருபது நிமிஷம். குக்கரில் மணல் போட்டுக் கேக் செய்கிற நம் பழைய முறை இதற்குச் சரிப்படாது. பஃப்ஸ் மாவுக்குச் சுள்ளென்று சூடு வேண்டும். இல்லாவிட்டால் ஏடு எழும்புவதற்குள் கொழுப்பு உருகித் தட்டில் ஓடிவிடும்.

கூழும் பழமும்

உள்ளே வைக்கிற கஸ்டர்டுக்குப் பின்னால் ஓர் அருமையான கதை உண்டு. நிஜமான கஸ்டர்டு என்பது முட்டையும் பாலும் சேர்த்துக் காய்ச்சுவது. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்தில் ஆல்ஃபிரட் பேர்ட் என்று ஒரு மருந்துக்கடைக்காரர். அவர் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. அவருக்காக 1837-ல் சோள மாவை வைத்து முட்டையில்லாத கஸ்டர்டைக் கண்டுபிடித்தார். நம் வீட்டு அலமாரியில் இருக்கிற கஸ்டர்டு பவுடருக்கு ஆதி அதுதான். மனைவியின் அலர்ஜிக்காக ஒரு மருந்துக்கடைக்காரர் செய்த பத்திய உணவு, இன்றைக்கு உலகம் பூராவும் விருந்தாகிவிட்டது!

பேர்ட் முட்டையை எடுத்தார். நாம் பாலையும் எடுத்துவிடுவோம். தேங்காய் இரண்டாம் பால் ஒரு டம்ளர். அது ஆறியிருக்கும்போதே குவித்த 4 டீஸ்பூன் கஸ்டர்டு பவுடரைக் கட்டியில்லாமல் கரையுங்கள். (பவுடர் வேண்டாம் என்றால் ஆரோரூட் மாவு போடலாம். வயிற்றுக்கு இதமானது.) 2 டேபிள்ஸ்பூன் நாட்டுச் சர்க்கரை சேர்த்து, சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருங்கள். கூழ் பளபளத்துக் கொப்பளம் வந்ததும் முதல் பால் கால் டம்ளர் விட்டு உடனே இறக்கிவிடுங்கள். முதல் பாலைக் கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் பிரியும் என்பது பாயசம் வைத்த கைகளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆறினதும் இட்லி மாவுப் பதத்தைவிடக் கெட்டியாக நிற்கும்.

இந்தக் கூழில் ஏலக்காயும் ஒரு சிட்டிகை சுக்குப் பொடியும் சேருங்கள். வாசனைக்கு மட்டும் அல்ல. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு ஆரம்பத்திலேயே மனப்பாடமான பட்டியல் ஒன்று உண்டு. ஏலம், மஞ்சள், சீரகம், பெருங்காயம், சுக்கு, வெந்தயம், பூண்டு, மிளகு என்று எட்டும் வாத, பித்த, கபம் மூன்றையும் சமனாக வைக்கிற பொருள்கள். இதில் இனிப்போடு சேர்கிறவை ஏலமும் சுக்கும். மைதாவும் தேங்காயும் பழமும் மூன்றுமே மந்தம் செய்யக் கூடியவை. சுக்கு அந்த மந்தத்தை முறிக்கும் என்பது எங்கள் கணக்கு.

சமையலையும் வைத்தியத்தையும் பிரிக்காத ஊர் தஞ்சாவூர். 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் பெயரால் 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்று மருத்துவ நூல்களும் உண்டு, 'சரபேந்திர பாகசாஸ்திரம்' என்று சமையல் நூலும் உண்டு. இரண்டையும் சரஸ்வதி மகால் நூலகம் அச்சிட்டிருக்கிறது.

பழத்துக்கு வருவோம். ஆப்பிள், ஸ்ட்ராபெர்ரி என்று தேடிப் போகாதீர்கள். குடமுருட்டிக் கரையில் விளைகிற வாழை போதும். பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி என்று எத்தனை ரகம்! டார்ட்டுக்கு ரஸ்தாளி சுவை. நறுக்கினால் குழையாமல் நிற்பது, பழுத்தும் இறுக்கமாக இருக்கிற நேந்திரன். கற்பூரவல்லி தேனாக இனிக்கும். அதைப் போட்டால் கூழில் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துவிடலாம். நறுக்கிய வாழை கறுக்காமலிருக்க எலுமிச்சைச் சாறு நாலு சொட்டுப் பிசிறிவிடுங்கள்.

நம் வீடுகளில் கல்யாணமானதும் மணமக்களுக்குப் பாலும் பழமும் கொடுக்கிறோம். ஆனால் வைத்திய நூல்காரர்கள் பாலையும் வாழைப்பழத்தையும் சேர்த்து அடிக்கடி சாப்பிடுவதை அவ்வளவாக விரும்புவதில்லை. கபம் கட்டும் என்பார்கள். தேங்காய்ப் பாலோடு சேர்த்தால் அந்த ஆட்சேபணையும் இல்லை. என்றாலும் சளி, இருமல் உள்ள குழந்தைக்கு அன்றைக்கு வாழை வேண்டாம். மாதுளை முத்தும் திராட்சையும் வைத்துக் கொடுங்கள்.

இங்கே பாடைகட்டி மாரியம்மன் பங்குனித் திருவிழா முடிந்து கொஞ்ச நாளில் மாம்பழம் தலைகாட்ட ஆரம்பிக்கும். கூடவே பலாவும். மாம்பழ டார்ட் அமிர்தமாக இருக்கும். பலாச்சுளையைப் பொடியாக நறுக்கி, சுக்கைக் கொஞ்சம் தூக்கலாகப் போடுங்கள். அன்னாசியும் போடலாம். அதற்கு ஒரு குறிப்பு உண்டு. டார்ட்டின் மேலே கண்ணாடி மாதிரி பளபளப்பாக ஊற்றுவதற்குப் பலரும் ஜெல்லி பாக்கெட் வாங்குகிறார்கள். பெரும்பாலான ஜெல்லியில் இருப்பது ஜெலட்டின். மாட்டு எலும்பு, தோலிலிருந்து எடுப்பது. நனிசைவம் என்ன, சாதாரண சைவத்துக்கே ஆகாது! போதாததற்குப் பச்சை அன்னாசி பட்டால் ஜெலட்டின் உறையவே உறையாது. நமக்கு இருக்கவே இருக்கிறது சைனா கிராஸ். கடல்பாசியிலிருந்து எடுப்பது. ஒரு கிராம் இழையை முக்கால் டம்ளர் தண்ணீரில் ஊறவைத்து, முழுவதும் கரைகிறவரை கொதிக்கவிட்டு, இரண்டு ஸ்பூன் சர்க்கரை, இறக்கிய பின் சில சொட்டு எலுமிச்சை. சூடு அடங்கியதும், உறைவதற்குள் ஸ்பூனால் பழத்தின் மேலே விடுங்கள். ஃப்ரிட்ஜ் இல்லாமலேயே உறைந்துவிடும். அன்னாசிக்கும் அசையாது.

யார் எவ்வளவு சாப்பிடலாம்?

குழந்தைகள் குட்டி டார்ட் இரண்டு மூன்று சாப்பிட்டால் ஒன்றும் குடி முழுகாது. பெரியவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு வயிறு முட்ட இருக்கும்போது சாப்பிடாமல், நம் விருந்து இலையில் முதலில் இனிப்பு வைப்பதைப்போல ஆரம்பத்தில் சாப்பிடுங்கள். அல்லது சாயங்காலம், காபிக்குப் பதில்.

சர்க்கரை நோயாளிகள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நனிசைவம் என்றால் சர்க்கரை ஏறாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. மைதா, மாவுக்கூழ், நாட்டுச் சர்க்கரை, பழம் எல்லாமே ரத்தத்தில் சர்க்கரைதான். நாட்டுச் சர்க்கரையும் வெள்ளைச் சர்க்கரையும் அந்த விஷயத்தில் பங்காளிகள். ஆசையாக இருந்தால் ஒரே ஒரு குட்டி டார்ட், மேலே கொய்யாவோ மாதுளையோ. அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் ஒரு இட்லியைக் குறைத்துக்கொள்ளுங்கள். இதய நோயாளிகளுக்குச் சமோசா பட்டி டார்ட் மட்டும். தேங்காய்ப் பாலிலும் நிறைகொழுப்பு உண்டு என்பதால், முதல் பாலை விட்டுவிட்டு இரண்டாம் பாலிலேயே கூழ் காய்ச்சுங்கள். ருசி கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

காலி கிண்ணங்களை ஆறவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைத்தால் மூன்று நாள் மொறுமொறுப்பு போகாது. கூழை மட்டும் அன்றன்றைக்குச் செய்யுங்கள். தேங்காய்ப் பால் நம் ஊர் வெயிலில் சீக்கிரம் புளிக்கும். கூழும் பழமும் வைத்து நிரப்பிய டார்ட்டைப் பள்ளிக்கூட டிபன் டப்பாவில் அடைத்து அனுப்பாதீர்கள். பிறந்த நாளுக்கு வகுப்பில் எல்லோருக்கும் கொடுத்தே ஆகவேண்டும் என்று பிள்ளை அடம் பிடித்தால், கிண்ணம் தனி டப்பா, முழு வாழைப்பழம் தனி. கூழுக்குப் பதில் வேர்க்கடலையும் வெல்லமும் பொடித்துக் கொடுத்தனுப்புங்கள். அந்த வகுப்பில் வேர்க்கடலை ஆகாத பிள்ளை யாராவது இருக்கிறதா என்று மட்டும் டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.